படுக்கையறை ரேடியேட்டர்

லியூலின் என்ற குடியிருப்புப் பகுதியில் அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது வாசல் வழியாகப் போகும் வீடுகளில் குடியிருப்பவர்கள் வேறு எதில் அடித்துக்கொண்டாலும் வெனெத்தா விஷயத்தில் மட்டும் ஒரே பேச்சாக இருந்தார்கள். அவளுக்குக் குளிரே உறைக்காது, எருமைத் தோல் என்பார்கள். உறைக்காதாம்! விடிகாலை நாலரைக்கு எழுந்து, ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகப் படிந்திருக்கும் பனியை நகத்தால் சுரண்டி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, முதல் டிராமைப் பிடிக்க ஓடுகிறவளுக்கு உறைக்காமல் வேறு யாருக்கு உறைக்கும்? வீட்டுக்குள்ளேயே மூன்று ஸ்வெட்டர், அதற்கு மேல் புருஷனுடைய பழைய பேண்டு வாத்தியக் கோட்டு. பித்தளைப் பொத்தான் வைத்த அந்தக் கோட்டோடுதான் சமைப்பாள், பெருக்குவாள், தூங்குவாள். அறுபத்தோரு வயசுப் பெண்பிள்ளை ராணுவத் தளபதி மாதிரி வீட்டுக்குள் உலாத்துவதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் அந்த வாசலில் கிடையாது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தக் கட்டடத்தில் யாரும் விறகு எரிப்பதில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் கொதிகலன் நிலையத்திலிருந்து வெந்நீர் குழாய் வழியாக வீட்டுக்கு வீடு வரும். ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழேயும் ஓர் இரும்பு ரேடியேட்டர். பக்கத்தில் ஒரு குமிழ். திறந்தால் அறை சுடும், மூடினால் குளிரும். ரேடியேட்டரின் நெஞ்சில் ஒரு சின்ன டப்பி, டப்பிக்குள் ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் நீலமாகக் கொஞ்சம் திரவம். ரேடியேட்டர் சுடச் சுட அது ஆவியாகிக் குறையும். மே மாதம் ஒருவர் டார்ச் லைட்டோடு வந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார், குளிர்காலத்தில் மாசா மாசம் கட்டியதை அதற்கேற்பச் சரிக்கட்டுவார்கள். மற்ற வீடுகளில் மாசம் எழுபது லெவா, எண்பது லெவா என்று கட்டிவிட்டு வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். வெனெத்தா மூன்று குமிழையும் இறுக மூடியிருந்தாள். இது இரண்டாவது குளிர்காலம்.

அவளைக் கஞ்சம் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவள் மிச்சம் பிடித்தது தனக்காக இல்லை, ராங்கெலின் பல்லுக்காக.

ராங்கெல் அவளுடைய புருஷன். நகராட்சி பேண்டில் முப்பத்தொரு வருஷம் டிரம்பெட் வாசித்தவன். கல்யாணமா, சாவா, கொடியேற்றமா, எல்லாவற்றுக்கும் அவன் ஊதினால்தான் ஊருக்குத் திருப்தி. நாலு வருஷத்துக்கு முன்னால் மேல் வரிசை முன்பல் மூன்று ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. முன்பல் இல்லாமல் டிரம்பெட் ஊத முடியாது. உதட்டில் வைத்து அழுத்தினால் உள்ளே தாங்குவதற்கு ஏதாவது வேண்டுமே. வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து அலமாரி மேல் ஏற்றினான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். அப்புறம் சிரிப்பதையே விட்டுவிட்டான். நண்பர்களோடு காபி குடிக்கப் போவதும் நின்றது. முப்பது வருஷமாக அந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டி, காதைப் பொத்தி, கதவைச் சாத்திய வெனெத்தாவுக்கு இப்போது அந்த அமைதிதான் தாங்க முடியவில்லை.

எடுத்து மாட்டுகிற பல் செட்டு மலிவுதான், ஆனால் ஊதும்போது அது எகிறிப் பலகாரத்தில் விழும். பக்கத்துப் பல்லோடு சேர்த்து நிரந்தரமாகக் கட்ட வேண்டும், தொள்ளாயிரம் லெவா ஆகும் என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். பென்ஷனிலும் அவளுடைய துப்புரவு வேலைக் கூலியிலும் எதை வெட்டுவது? கறியை எப்போதோ வெட்டியாயிற்று. சமையலறை நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள். கண் ரேடியேட்டரில் போய் நின்றது.

முதல் குளிர்காலம் போய், செப்டம்பரில் ஒரு நாள் பேண்டு மாஸ்டர் லாஸரைச் சந்தையில் பார்த்தபோது அவளே வலியப் போய்ப் பேசினாள். அடுத்த கோடையில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் மூன்று மாசம் வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள், ராங்கெல் ஜூனுக்குள் பல்லைக் கட்டிக்கொண்டு வந்தால் அவனுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன் என்று லாஸர் சொன்னார். வெனெத்தா அன்றைக்கு வாங்க வந்த உருளைக்கிழங்கைக் கூட மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து அதைச் சொன்னாள். ராங்கெல் சரி என்று தலையாட்டினான்.

அதற்குப் பிறகு அவள் பண்ணாத வித்தை இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் மின்சாரம் பாதி விலை, அதனால் பத்து அடித்த பிறகுதான் மின் அடுப்பைப் போடுவாள். பீன்ஸ் சூப் கொதிக்கிற நேரம் முழுக்க இரண்டு பேரும் சமையலறையில் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். சமைத்து முடித்ததும் அடுப்பின் கதவைத் திறந்து வைப்பாள், ஒரு துளிச் சூடு வீணாகக் கூடாது. தண்ணீர் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றிப் போர்வைக்குள் காலடியில் ஒன்று, முதுகுக்கு ஒன்று. மெத்தைக்கு அடியில் நாலு மடிப்புச் செய்தித்தாள். ஜன்னல் இடுக்கெல்லாம் பழைய காலுறை. ராங்கெல் கம்பளித் தொப்பியோடு படுத்துக்கொண்டு, பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது என்பான். பேசாமல் படு, அதுவும் சூடுதான் என்பாள் அவள்.

ஒவ்வொரு மாசமும் மற்றவர்கள் கட்டுகிற தொகையில் தான் கட்டாமல் விட்டதை அப்படியே ஓர் உறையில் போட்டு அலமாரியில் துணிக்கு அடியில் வைப்பாள். வைத்துவிட்டு ராங்கெலிடம், இன்னும் இரண்டு பல் பாக்கி, இன்னும் ஒன்றரைப் பல்தான் பாக்கி என்று கணக்குச் சொல்வாள். அவள் முகம் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் மலர்ந்திருக்கும்.

இந்த இரண்டாவது குளிர்காலத்தில் அவளுக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. மத்தியானம் வேலை முடிந்து கை விறைத்து வீட்டுக்கு வருவாள். சமையலறை ஐஸ்பெட்டி, கூடம் ஐஸ்பெட்டி. ஆனால் படுக்கையறைக்குள் போனால் ஓர் இதமான வெதுவெதுப்பு இருக்கும். ரேடியேட்டர் குமிழைத் தொட்டுப் பார்த்தாள், மூடித்தான் இருந்தது. யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள். கீழ் வீட்டு பாவ்லினா டீச்சர்! கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள், தனிக்கட்டை, நெஞ்சுச் சளிக்காரி, எல்லா ரேடியேட்டரையும் திறந்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பாள். அந்தச் சூடு கூரை வழியாக ஏறி இங்கே வருகிறது. வெனெத்தா கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையைச் சிமெண்டில் வைத்துக்கொண்டாள்.

"வாழ்க டீச்சரம்மா," என்றாள். "காசு அவளோடது, சூடு நம்மளோடது."

கட்டிலில் இருந்த ராங்கெல் போர்வையைத் தாடைவரை இழுத்துக்கொண்டான். கன்னம் மட்டும் சிவந்திருந்தது. சளிக்காய்ச்சலோ என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பாவ்லினா சும்மா இருக்கவில்லை. டிசம்பரில் ஒரு நாள் மாடி ஏறி வந்து கதவைத் தட்டினாள். நீ மூடியதிலிருந்து என் கூரை பனிக்கட்டியாக இருக்கிறது, நான் எவ்வளவு திறந்தாலும் அறை சூடேறவில்லை, என் பில் ஒன்றுக்கு ஒன்றரையாகிவிட்டது, உன் வீட்டையும் சேர்த்து நான் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். ஒரே ஒரு ரேடியேட்டரையாவது திற, இல்லையென்றால் என் பில்லில் பாதியாவது கொடு என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் நியாயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் பல் எப்படி வரும்?

"சூடு மேலே ஏறும்னு நீங்கதானே டீச்சரம்மா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?" என்றாள் வெனெத்தா. "நானா கயிறு கட்டி இழுக்கறேன்?"

"நான் சொல்லிக் கொடுத்தது கணக்கு," என்றாள் பாவ்லினா. "அதுல இதுக்குத் திருட்டுன்னு பேரு."

அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு முறிந்தது. ஜனவரியில் பாவ்லினாவின் நெஞ்சுச் சளி மோசமாகி, ப்ளோவ்திவில் இருக்கும் மகள் வந்து அழைத்துப் போனாள். போகும்போது பாவ்லினா வாசலில் நின்றவர்களிடம், எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போகிறேன், இனிமேல் மேல் வீட்டுக்காரி என் செலவில் குளிர்காய முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

வெனெத்தாவுக்குத் திக்கென்றது. மறுநாள் மத்தியானம் பயந்துகொண்டேதான் படுக்கையறைக்குள் காலை வைத்தாள். அதே வெதுவெதுப்பு! அடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரம் பார்த்தாள். பிறகு அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆளே இல்லாத வீட்டில் ரேடியேட்டரைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறாள், வாயில் மட்டும் மூடினேன் மூடினேன் என்று நாடகம். என்னிடம் பாதி பில் கேட்டவளின் யோக்கியதை இதுதானா? ரொட்டிக் கடை வரிசையில் சொன்னாள். லிஃப்டில் சொன்னாள். வாசல் பெஞ்சில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள். டீச்சருக்கு மறதி வந்துவிட்டது என்று ஒருத்தி கூட்டிச் சேர்த்தாள். அடுப்பையும் அணைக்காமல் போயிருப்பாளோ, கட்டடமே எரிந்துவிடப் போகிறது என்று இன்னொருவர் பயந்தார்.

மார்ச் கடைசியில் பாவ்லினா திரும்பி வந்தபோது வாசல்காரர்கள் அவளைப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது. அந்த வாசல் வீடுகளுக்குப் பொறுப்பான வாசல் தலைவர் அவளைத் தனியாக அழைத்து, இனி வெளியூர் போனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார். நான் மூடிவிட்டுத்தான் போனேன் என்றாள் அவள். ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லோரும். அப்படி ஆமாம் போட்டால் யாருக்குத்தான் தாங்கும்?

வெனெத்தா வீட்டுக்கு வந்து ராங்கெலிடம் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவன் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயைக் கிளறிவிட வேண்டும் என்று பால்கனிக்கு எழுந்து போனான்.

மே மாதம் வந்தது. உறையில் எண்ணூற்றுப் பத்து லெவா சேர்ந்திருந்தது. மீதித் தொண்ணூறை அவள் வேலை செய்யும் அலுவலகத்தில் முன்பணமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பல் டாக்டரிடம் இருபதாம் தேதிக்கு நேரம் வாங்கியாயிற்று. டிரம்பெட் பெட்டியை அலமாரி மேலிருந்து இறக்கித் தூசி தட்டி, வாத்தியத்தைப் பல்பொடி போட்டுப் பளபளவென்று தேய்த்து மேஜை மேல் வைத்தாள். ராங்கெல் அதைத் தொடவில்லை. கூச்சப்படுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பதினான்காம் தேதி ரேடியேட்டர் டப்பிக் குழாய்களைப் பார்க்க ஷெலெவ் வந்தார். ரேடியோ தொழிற்சாலையில் என்ஜினியராக இருந்து, தொழிற்சாலையை மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்தவர். பத்து வருஷமாக அதே பை, அதே டார்ச் லைட், அதே அலுப்பு. வெனெத்தா அவருக்காகக் காபி போட்டு வைத்திருந்தாள். வாங்க, வாங்க, எங்க வீட்டில் உங்களுக்கு வேலையே இல்லை என்று பெருமையாக உள்ளே அழைத்துப் போனாள்.

சமையலறைக் குழாயைப் பார்த்தார், எழுதினார். கூடத்துக் குழாயைப் பார்த்தார், எழுதினார். படுக்கையறையில் மண்டியிட்டவர் எழுந்திருக்கவில்லை. டார்ச்சைக் கிட்டே பிடித்தார், மூக்கை டப்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். சீல் வைத்திருந்த இடத்தை விரலால் நிமிண்டினார். டப்பி கையோடு வந்துவிட்டது. பின்பக்கம் செருப்புக்குப் போடுகிற பசை.

"இதை யாரு கழட்டினது?" என்றார்.

வெனெத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் கழற்றவில்லை, சூட்டில் பிய்ந்திருக்கும் என்றாள். சூடே இல்லாத ரேடியேட்டரில் எப்படிப் பிய்யும் என்று அவர் கேட்டார். அப்படியென்றால் குளிரில் பிய்ந்திருக்கும் என்றாள் அவள்.

ஷெலெவ் பொறுமையாகத்தான் விளக்கினார். மூடிய அறையில்கூடக் குழாய் கொஞ்சம் குறையும். மனுஷ மூச்சு, அடுப்பு, மத்தியான வெயில், அதுவே போதும். அதனால்தான் குழாயில் போட்டிருக்கும் பூஜ்யக் கோட்டுக்கு மேலேயே கொஞ்சம் கூடுதலாக ஊற்றி வைக்கிறோம். சமையலறையில் பாருங்கள், சரியாகக் கோட்டுக்கு வந்து நிற்கிறது. கூடத்திலும் அப்படியே. ஒழுங்காக மூடியிருந்திருக்கிறீர்கள். இங்கே மட்டும் கோட்டுக்கு வரவே இல்லை. இது குளிர்காலத்தில் பாதி நேரம் வீட்டுக்குள்ளேயே இருக்கவில்லை.

"வெளியில வெச்சிருக்காங்கம்மா," என்றார். "மோந்து பாருங்க. முட்டைக்கோஸ் ஊறுகாய்த் தண்ணி வாடை."

வெனெத்தா மோந்து பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே சாமியாடினாள். ரெண்டு வருஷமா விறைச்சுச் செத்துக்கிட்டு இருக்கிறவளைப் பார்த்துத் திருடி என்கிறாயா, உன் கம்பெனிதான் திருட்டுக் கம்பெனி, வராத சூட்டுக்குப் பணம் பிடுங்க இது ஒரு வழியா, என் கோட்டைப் பார், என் கையைப் பார், வெடிப்பைப் பார், சூடான வீட்டில் இருந்தவள் கையா இது என்று கத்திய கத்தலில் மேல் மாடிக் கதவும் கீழ் மாடிக் கதவும் திறந்தன. ஷெலெவ் அவள் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொல்கிறவர்கள் இப்படிக் கத்தி அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஆனாலும் டப்பி கையில் இருந்தது.

"எழுதுங்க சார்," என்றான் ராங்கெல்.

அவன் கதவருகில் நின்றிருந்தான். வாயைப் பொத்திக்கொண்டுதான் சொன்னான். இருந்தாலும் கேட்டது.

"அவளுக்குத் தெரியாது. நான்தான்."

குழாயை யாராவது கழற்றியிருந்தால், வீட்டின் எல்லா ரேடியேட்டரும் குளிர்காலம் முழுக்கத் திறந்திருந்ததாகக் கணக்கு. அதுதான் சட்டம். எழுநூற்று அறுபது லெவா. தாளில் வீட்டுக்காரர் கையெழுத்தோடு அக்கம்பக்கத்துச் சாட்சி ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சத்தம் கேட்டு மாடி ஏறி வந்து வாசலில் மூச்சு வாங்க நின்றது பாவ்லினாதான்.

அவள் வீட்டுக் குழாய்களை ஷெலெவ் அரை மணிக்கு முன்னால்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார். போன வருஷத்தைவிடப் பாதிதான் குறைந்திருக்கிறது, நீங்கள் ரொம்ப நாள் மூடி வைத்திருந்தீர்கள் அல்லவா டீச்சர் என்று சாதாரணமாகக் கேட்டபடி பேனாவை நீட்டினார். அவருக்கு இந்த வாசல் கதை எதுவும் தெரியாது.

பாவ்லினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள் முழுவதையும் படித்தாள். டப்பியைப் பார்த்தாள், ராங்கெலைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கணக்கு வாத்தியார் இல்லையா. கையெழுத்துப் போட்டாள். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப் போகிறாள் என்று வெனெத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"மூடினேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு வெனெத்தா," என்றாள் பாவ்லினா. "போன மாசம் என் மக என்னை மூளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா."

அவ்வளவுதான் சொன்னாள். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்விட்டாள்.

ஷெலெவும் போன பிறகு வெனெத்தா கதவைச் சாத்தினாள். காபி ஆறிப்போயிருந்தது. அதை அவளே எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு படுக்கையறையில் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். ராங்கெல் நின்றுகொண்டே இருந்தான்.

எப்போதிலிருந்து என்று கேட்டாள். நவம்பரிலிருந்து என்றான். நீ ஐந்து மணிக்குக் கிளம்பியதும் திறப்பேன், டப்பியைக் கழற்றி பீப்பாய்க்குப் பின்னால் வைத்துவிடுவேன், ஒன்பது மணிக்கு மூடிவிடுவேன், ரேடியேட்டர் ஆறியதும் டப்பியைத் திரும்ப ஒட்டிவிடுவேன், நீ வருவதற்குள் அறையும் ஆறிவிடும் என்று நினைத்தேன் என்றான். ஆறவில்லை. டீச்சர் வீட்டுச் சூடு என்று நீயாகச் சொன்னாய், நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை என்றான். சொல்லிவிட்டு அது ஏதோ பெரிய யோக்கியதை மாதிரி அவளைப் பார்த்தான்.

"பல்லு?" என்றாள் அவள். "உன் பல்லுக்குத்தானேய்யா இத்தனையும்?"

அப்போதுதான் அடுத்தது வெளியே வந்தது. அக்டோபரிலேயே அவன் அந்தப் பல் டாக்டரிடம் தனியாகப் போய் வந்திருக்கிறான். ஈறுக்கு உள்ளே எலும்பு கரைந்துவிட்டது. பல் கட்டலாம், அதை வைத்துச் சாப்பிடலாம், சிரிக்கலாம், ஆனால் டிரம்பெட் ஊதினால் ஒரே வாரத்தில் பெயர்ந்து கையில் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சொல்லத்தான் நினைத்தான். அன்றைக்குப் பார்த்து அவள் உறையை எடுத்து வைத்துக்கொண்டு, கடற்கரைக்குப் போகும்போது அவனுக்கு வெள்ளைச் சட்டை தைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உன் மூஞ்சியைப் பார்த்ததும் வாய் வரல," என்றான். "அப்புறம் குளிர் வந்துடுச்சு. எதுக்குன்னே தெரியாம விறைச்சுக்கிட்டு உட்கார எனக்கு முடியல வெனெத்தா."

எதுக்குன்னே தெரியாம! அவனுக்குத் தெரிந்துவிட்டது, அதனால் அவனுக்கு முடியவில்லை. அவளுக்குத் தெரியாது, அதனால் அவளுக்கு முடிந்தது. ஆறு மாசம் அவள் தன்னந்தனியாக ஒன்றுமில்லாததற்காகக் குளிரில் நடுங்கியிருக்கிறாள். அவன் போர்வைக்குள் வெதுவெதுப்பாகப் படுத்துக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறான். வெனெத்தாவுக்கு எழுநூற்று அறுபது லெவா பெரிதாகத் தெரியவில்லை. கடற்கரையும் லாஸரும்கூடப் போகட்டும். வேறொன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது.

"ஞாயித்துக்கிழமை நான் வீட்லதானே இருந்தேன்," என்றாள். "அன்னிக்கு ஒரு நாளாவது திறந்திருக்கலாமே. என்னையும் பக்கத்துல உட்கார வெச்சிருக்கலாமே."

"நீ வீட்ல இருக்கும்போது எப்படித் திறக்கறது?" என்றான் ராங்கெல். "நீ விட்டிருப்பியா?"

விட்டிருக்கமாட்டாள். அது அவளுக்கே தெரிந்தது. குமிழைத் தொட்ட கையை உடைத்திருப்பாள். அவன் சொன்னது சரிதானே என்ற ஆத்திரத்தில் அழுதாள். ராங்கெல் பக்கத்தில் உட்காரப் பார்த்தான். எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் உறையை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று பணத்தைக் கட்டினாள். டாக்டரிடம் நேரத்தை ரத்து செய்தாள். கீழ் வீட்டுக் கதவை இரண்டு தடவை தட்டப் போய் இரண்டு தடவையும் திரும்பி வந்தாள். மூன்றாவது தடவை தட்டினாள். பாவ்லினா திறக்கவில்லை. உள்ளே இருமல் சத்தம் மட்டும் கேட்டது. வெனெத்தா ரொட்டிக் கடையில், லிஃப்டில், பெஞ்சில் என்று ஓர் இடம் விடாமல் போய், டீச்சர் மூடிவிட்டுத்தான் போனாள், நான் சொன்னது பொய் என்று சொன்னாள். ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லோரும். வெனெத்தாவுக்கு டீச்சர் மேல் இப்போது என்ன திடீர்ப் பாசம், பில்லில் ஏதோ பேரம் பேசிக்கொண்டார்கள் போல என்று அவள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

கோடையில் லாஸரின் குழு கடற்கரைக்குப் போனது. டிரம்பெட்டை ராங்கெல் ஒரு பையனுடைய அப்பாவுக்கு விற்றான். அந்தப் பணத்தை வெனெத்தாவிடம் நீட்டினான். நீயே வைத்துக்கொள் என்றாள். சமையல், துணி, மருந்து எல்லாம் முன்போலவே நடந்தது. சண்டை மட்டும் இல்லை. ஊரில் அதைச் சமாதானம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நவம்பர் முதல் வாரத்தில் குழாய்களுக்குள் தண்ணீர் கடகடவென்று ஓடும் சத்தம் கேட்டது. வெனெத்தா வேலையிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே படுக்கையறைக்குப் போய்க் குமிழைக் கடைசி வரைக்கும் திறந்துவிட்டாள். புது டப்பி, புது சீல். ராங்கெல் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தான். அவள் கட்டிலில் தன் பக்கத்துத் தலையணையையும் ஒரு கம்பளியையும் சுருட்டி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சுவரோரப் பெஞ்சில் நாலு மடிப்புச் செய்தித்தாளைப் போட்டு, மேலே கம்பளியை விரித்தாள். சமையலறைக் குமிழ் இறுக மூடித்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ராத்திரி பத்து மணி வரை ராங்கெல் பொறுத்துப் பார்த்தான். பிறகு கதவருகில் வந்து நின்றான். அறைச் சூட்டில் அவன் முகம் சிவந்திருந்தது.

"உள்ள வா வெனெத்தா," என்றான். "நல்லா சூடா இருக்கு."

அவள் கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

"கதவைச் சாத்திக்க," என்றாள். "சூடு வெளிய போகுது."